வருந்தும் நண்பர்கள்

மாடியில் ஐந்து கம்ப்யூட்டர்கள், கீழே எட்டு. இரண்டுக்கும் முதலாளி அய்யாதுரை அண்ணாச்சி. மாடியில் டி.டி.பி. வேலை நடந்தது. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, பட்டாசுப் பெட்டி லேபிள், தினசரி காலண்டரின் தாள்கள், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அங்கே தயாராகிப் பக்கத்துத் தெரு அச்சகங்களுக்குப் போகும். கீழே பிரவுசிங் சென்டர். பிளைவுட் தடுப்பு வைத்த எட்டுச் சிறு அறைகள். மதியத்துக்கு மேல் பாலிடெக்னிக் பையன்கள் வந்து துப்பாக்கி கேம் விளையாடுவார்கள். அவர்கள் போடும் சத்தம் படிக்கட்டு வழியாக ஏறி வரும்.

மாரிசெல்வி மாடியில் ஐந்தாம் நம்பரில் உட்கார்ந்திருந்தாள். அந்த வருடம் மார்ச்சில் பிளஸ் டூ எழுதியிருந்தாள். ஆயிரத்துக்கு மேல் மார்க். "அடுத்த வருசம் காலேஜப் பாப்போம்" என்று அப்பா சின்னச்சாமி சொன்னார். அவர் அச்சகத்தில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறவர். அவரே அய்யாதுரையிடம் சொல்லி மே மாதத்தில் சேர்த்துவிட்டார். அவளுக்குப் பதினேழு வயது. அதிகம் பேசமாட்டாள். விரல்கள் வேகமாக ஓடும். ஆடிப்பெருக்கு கழிந்து காலண்டர் சீசன் சூடு பிடித்தபோது ஒரு நாளைக்கு முப்பது தேதித் தாள்கள் அடித்தாள். திதி, நட்சத்திரம், ராகு காலம், சூலம். ஒரு எழுத்து மாறினாலும் ஒரு லட்சம் வீட்டுச் சுவரில் அது தொங்கும் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார்.

ஐந்தாம் நம்பர் முன்பு கீழே இருந்த மிஷின். மாடியில் ஒன்று கெட்டுப்போனபோது அண்ணாச்சி அதைத் தூக்கி மேலே வைத்தார். அதிலிருந்த கேமை அழிக்க யாருக்கும் தோன்றவில்லை. மாடி மிஷின்களும் கீழே உள்ளவையும் ஒரே வயரில் இணைந்திருந்தன.

ஆவணி மாதத்தில் ஒரு மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மாரிசெல்வி தூக்குவாளியைத் திறக்காமல் திரையில் அந்தக் கேமின் படத்தின் மேல் அழுத்தினாள். உள்ளே போகப் பெயர் கேட்டது. அவள் காலையிலிருந்து நாற்பது பெயர் அடித்திருந்தாள். மணமகன், மணமகள், தாய்மாமன், மறைந்தவர், மறைந்தவரின் பேரன்கள். தன் பெயரை அடிக்கக் கை வரவில்லை. மேஜையில் ஒரு லேபிள் கிடந்தது. குருவி வெடி, நூறு எண்ணம். ஆங்கில எழுத்தில் குருவி என்று அடித்தாள்.

முதல் நாள் ஒன்பது தடவை செத்தாள். பத்தாம் நாள் கீழே இருந்து சத்தம் வந்தது.

"ஏலே, யார்லே இந்தக் குருவி? எட்டாம் நம்பரா?"

"எட்டாம் நம்பர்ல ஒரு வாத்தியாரு உக்காந்திருக்காருலே. மெயில் பாக்காரு."

"அப்ப எவன்லே என்னையச் சுட்டது?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கீழே வழக்கமாக மூன்று பேர். காளீஸ்வரன்தான் தலைவன். கேமில் அவன் பெயர் டான். இன்னொருவன் மொக்கைச்சாமி. அவன் மைக் என்று போட்டுக்கொள்வான். "மொக்கைச்சாமின்னு ஸ்கிரீன்ல வந்தா எவன்லே பயப்படுவான்? குலசாமின்னு கும்பிட்டுட்டுல்ல போவான்" என்பான். மூன்றாவது பிராங்க்ளின். அவன் தாத்தா சர்ச்சில் உபதேசியாராக இருந்ததால் இவனுக்குப் பாஸ்டர் என்று பெயர்.

கேமுக்குள் எழுத்தால் பேசிக்கொள்ளலாம். ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பார்கள். ஏலே குருவி, இடது பக்கம் போ. ஏலே குருவி, உனக்கு மூளை இருக்கா. ஏலே குருவி, சூப்பர்லே. குருவி பக்கத்துக் கடையில் உட்கார்ந்து ஆடுகிறவன் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். அவளும் மறுக்கவில்லை. நாலு பேர் சேர்ந்தால் ஒரு டீம். குருவி வந்த பிறகு நாலு பேர் ஆனார்கள்.

அவளை அதுவரை யாரும் ஏலே என்று கூப்பிட்டதில்லை. வீட்டில் தாயி, பள்ளிக்கூடத்தில் இனிஷியலோடு பெயர், அண்ணாச்சிக்குப் பாப்பா. ஏலே என்பது தெருவில் பையன்கள் ஒருவனை ஒருவன் கூப்பிட்டுக்கொள்வது. தோளில் கை போடுவதற்கு முன்னால் சொல்வது. அந்தச் சொல் திரையில் வரும்போதெல்லாம் அவளுக்கு முதுகு நிமிர்ந்தது.

பிராங்க்ளின் கண்டுபிடித்தது புரட்டாசி முதல் வாரம். அவன் அம்மா பெர்சிஸ், ஆஸ்பத்திரியில் நர்ஸ். கோயில் பெண்கள் ஐக்கியத்துக்கு ஒரு நோட்டீஸ் அடிக்க வேண்டும் என்று மகனை மாடிக்கு அனுப்பியிருந்தாள். அவன் வந்து நின்றதை மாரிசெல்வி கவனிக்கவில்லை.

"பின்னால ரெண்டு பேரு வாரான். திரும்பு" என்றான் அவன்.

அவள் திரும்பிச் சுட்டாள். இரண்டு பேரும் விழுந்தார்கள். அதற்குப் பிறகுதான் யார் பேசியது என்று பார்த்தாள். எழுந்து நின்றாள்.

"நீயாலே குருவி?"

அவள் கை திரையை மறைக்கப் போனது.

"உக்காரு, உக்காரு. இன்னும் ஒருத்தன் படிக்குக் கீழ இருக்கான்."

அந்த ஒருவனையும் சுட்டு முடித்த பிறகு அவள் சொன்னாள்.

"கீழ சொல்லிராதீக. பொண்ணுன்னு யார்ட்டயும் சொல்லக் கூடாது."

"நான் எதுக்குச் சொல்லப் போறேன். நேத்துதான் காளி சொல்லிட்டு இருந்தான், குருவி பட்டாளத்துக்குப் போக வேண்டிய ஆளுன்னு." சிரித்தான். "இந்தா, இந்த நோட்டீஸ்ல ஸ்தோத்திரக் கூட்டம்னு இருக்கும். எங்கம்மா எழுத்து கோழி கிறுக்குன மாதிரி. பாத்து அடி."

அன்று மதியம் திரையில் வந்தது: ஏலே குருவி, பாஸ்டர் வந்தாச்சு.

புரட்டாசிக் கடைசி ஞாயிறு விருதுநகர்ப் பையன்கள் நாலு பேர் போட்டிக்கு வந்தார்கள். காலண்டர் அவசரம் என்பதால் மாடியும் திறந்திருந்தது. வந்தவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். நாலு பேரும் கண்ணுக்கு முன்னால் உட்கார வேண்டும், ஆளைக் காட்டாமல் ஆடக் கூடாது. காளீஸ்வரன் திரையில் கெஞ்சினான். ஏலே குருவி, எங்கன இருக்க, உடனே வாலே, மானம் போயிரும்.

பிராங்க்ளின் மாடிக்கு வந்தான். "வா, நான் சொல்லிக்கிடுதேன்" என்றான்.

அவள் ஷாலைத் தோளில் ஊக்கு குத்திச் சரிசெய்துகொண்டு இறங்கினாள். கீழ்ப்படியில் கால் வைத்ததும் சத்தம் நின்றது.

"யாருலே இது?" என்றான் காளீஸ்வரன்.

"குருவி" என்றான் பிராங்க்ளின்.

விருதுநகர்க்காரன் ஒருவன் கை தட்டினான். "ஆளு கெடைக்கலைன்னு பொட்டப்புள்ளையக் கூட்டியாந்திருக்கானுக. சிவகாசில ஆம்பளப் பஞ்சம் போலலே."

அவள் காலியாக இருந்த நாலாம் நம்பரில் உட்கார்ந்தாள். மவுஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பதினாறுக்கு ஒன்பது என்று ஜெயித்தார்கள். சிரித்தவனை அவள் ஆறு தடவை வீழ்த்தியிருந்தாள்.

காளீஸ்வரன் எழுந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்தான். மொக்கைச்சாமியின் முதுகில் அறைந்த கை அவளிடம் வந்ததும் எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பைக்குள் போனது.

"நல்லா ஆடுனீக, சிஸ்டர்" என்றான்.

அவர்கள் புரோட்டாக் கடைக்குக் கிளம்பினார்கள். வாசலில் பிராங்க்ளின் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு அவனும் போனான். அவள் மாடியேறி கார்த்திகை மாதத் தாள்களைத் தொடர்ந்தாள்.

அதற்குப் பிறகும் கேமுக்குள் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் எழுத்து மாறிவிட்டது. சிஸ்டர், நீங்க பின்னால நில்லுங்க. சிஸ்டர், நாங்க போயிட்டுச் சொல்றோம். தப்பாக ஆடினால் யாரும் திட்டவில்லை. மொக்கைச்சாமி கெட்ட வார்த்தை அடித்துவிட்டு, சாரி சிஸ்டர் என்று அடித்தான். பிராங்க்ளின் மட்டும் ஏலே என்றே எழுதினான். ஒருநாள் எழுதினான்: ஏலே, அன்னைக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கணும். வாய் வரலை.

அவள், பரவாயில்லைலே, என்று அடித்தாள். அந்தச் சொல்லை அவள் எழுதியது அதுதான் முதல் தடவை.

நவம்பர் எட்டாம் தேதி தீபாவளி. பட்டாசுக் கம்பெனிகளை அடைத்தார்கள். இனி ஒரு மாதம் ஆள் ஏற்ற வேன் வராது. மாரிசெல்வியின் அம்மா சுப்புலட்சுமி விஸ்வநத்தம் பக்கம் ஒரு கம்பெனியில் பதினோரு வருடமாக வெடிக்குத் திரி வைக்கிறாள். நகக்கண்ணில் ஏறியிருக்கும் சாம்பல் நிற மருந்து இந்த ஒரு மாதத்தில்தான் கொஞ்சம் வெளுக்கும். அவள் வீட்டில் இருந்து மகளுக்குச் சுடச்சுடச் சோறு கொடுத்தனுப்பினாள். தீபாவளிக்கு மறுநாள் பிடித்த மழை எட்டு நாள் விடவில்லை. ஊருக்கு வெளியே கல் வெட்டி எடுத்த பள்ளங்களான கிடங்குகள் எல்லாம் நிறைந்தன.

பத்தொன்பதாம் தேதி, திங்கட்கிழமை. காலை பத்து மணிக்குக் காளீஸ்வரனும் மொக்கைச்சாமியும் மாடியேறி வந்தார்கள். பையன்கள் மாடிக்கு வருவதில்லை. இருவரும் அண்ணாச்சியிடம் தணிந்த குரலில் பேசினார்கள். அண்ணாச்சி தலையில் கை வைத்தார். பிறகு ஒரு தாளையும் ஒரு சிறு போட்டோவையும் மாரிசெல்வியின் மேஜையில் வைத்தார்.

"பாப்பா, மத்ததை எல்லாம் நிறுத்திட்டு இதை முடி. மத்தியானம் அடக்கத்துக்கு எடுக்காக."

தாளில் முதல் வரி கண்ணீர் அஞ்சலி. அவள் வழக்கம்போல் அதை அடித்தாள். அடுத்த வரியில் பி. பிராங்க்ளின் என்று இருந்தது. அதையும் அடித்தாள். அதன் பிறகு போட்டோவைத் திருப்பிப் பார்த்தாள்.

விரல்கள் விசைப்பலகையின் மேலேயே இருந்தன.

"எப்படி?" என்று கேட்டாள்.

மொக்கைச்சாமிதான் சொன்னான். "நேத்து கல்கிடங்குக்குக் குளிக்கப் போனோம். அவன்தான் குதிச்சான். மேல வரல. எங்க ரெண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது, சிஸ்டர். கத்துனோம். ரோட்டுக்கு ஓடுனோம். தீயணைப்புக்காரக வந்து சாயங்காலம்தான் எடுத்தாக."

காளீஸ்வரன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்த ஆறு மாதத்தில் அவள் இருபது அஞ்சலி போஸ்டர் செய்திருந்தாள். வேலை கைக்குத் தெரியும். போட்டோவை ஸ்கேன் செய்து பின்னணியை வெட்டி எடுத்தாள். காதோரம் முடி பிசிறில்லாமல் வர வேண்டும் என்று பெரிதாக்கினாள். அவன் இடது புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது. அதை அவள் அதுவரை பார்த்ததில்லை. வழக்கமாக இப்படிப்பட்டதை அழித்துவிடுவாள். விட்டுவிட்டாள்.

"தோற்றம்?"

"எண்பத்தொன்பது மார்ச் நாலு" என்றான் மொக்கைச்சாமி.

மறைவு அவள் கேட்கவில்லை. அடித்தாள்.

கீழே 'வருந்தும் நண்பர்கள்' என்று எழுதி ஏழு பெயர்கள் இருந்தன. டான் காளீஸ்வரன், மைக் மொக்கைச்சாமி, பிறகு பாலிடெக்னிக் வகுப்பில் படிக்கிற ஐந்து பேர். அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

முதல் புரூப் எடுத்துக் கொடுத்தாள். காளீஸ்வரன் பார்த்தான். "போட்டோவைக் கொஞ்சம் பெருசாக்குங்க, சிஸ்டர்" என்றான்.

பெரிதாக்கினாள். பெயர்கள் வரிசையாக நின்ற இடத்தில் ஏழாவது பெயருக்குப் பக்கத்தில் கமா போட்டாள். குருவி என்று அடித்தாள். இரண்டாவது புரூப் எடுத்து எழுந்து போய்க் கொடுத்தாள். உட்காரவில்லை. அங்கேயே நின்றாள்.

அவன் கண் வரிசையின் கடைசிக்கு வந்து நின்றது. அண்ணாச்சியும் எட்டிப் பார்த்தார்.

"குருவி யாருலே? தாள்ல இல்லையே."

காளீஸ்வரன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. பேனாவை வாங்கி ஓரத்தில் ஓக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

"நம்ம பையன்தான் அண்ணாச்சி. விட்டுப்போச்சு."

அன்று இரவுக்குள் போஸ்டர் ஊர்ச் சுவர்களில் ஏறிவிட்டது. செவ்வாய்க்கிழமை மாரிசெல்வி வேலைக்குப் போகவில்லை. அம்மா கட்டி வைத்த தூக்குவாளி வீட்டிலேயே திறக்காமல் இருந்தது. புதன்கிழமையும் அப்படியே. சாயங்காலம் சின்னச்சாமி அச்சகத்திலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றாமல் நின்றார்.

"இவ கம்ப்யூட்டர்ல பயலுக கூட விளையாடிக்கிட்டு இருந்திருக்கா. அதுல ஒருத்தன்தான் கிடங்குல விழுந்து செத்தவனாம். கடைல பேசிக்கிடுதாக. அய்யாதுரைக்கே இப்பத்தான் தெரியுமாம். நாளைலருந்து இவ போக வேண்டாம்."

மகளிடம் அவர் நேராகப் பேசவில்லை. வெளியே போய்ப் பீடி பற்றவைத்தார்.

சுப்புலட்சுமி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"எந்திரி. எம்புட்டு நாளா நடக்கு இது?"

"எது?"

"நடிக்காத. அந்தப் பய கூட."

"ஒன்னும் நடக்கல."

"ஒன்னும் நடக்காமலா மூணு நாளா பட்டினி கிடக்க? அவுக வேதக்காரக. நம்ம வேற. இதெல்லாம் தெரியாதா உனக்கு?"

"அம்மா, அப்படி இல்ல."

"பின்ன எப்படி?"

மாரிசெல்வி சொல்லத் தொடங்கினாள். சொல்ல வந்தது தமிழில் இல்லாதது போல இருந்தது. கேம், டீம், குருவி. பாதியில் சுப்புலட்சுமி ஓங்கி ஓர் அறை விட்டாள்.

"சுடுதாளாம், சாகுதாளாம். யாருகிட்டக் கதை சொல்லுத?"

மகள் அழவில்லை. கன்னத்தைத் தொடவும் இல்லை. "நாலு பேரும்மா" என்றாள். "நாலு பேரு இருந்தாத்தான் ஆட முடியும். ஒருத்தன் முன்னால போவான். ஒருத்தன் பின்னால பாத்துக்கிடணும். நான் பாத்துக்கிட்டாத்தான் அவன் முன்னால போக முடியும். அவன் மூஞ்சியக்கூட நான் பத்துத் தடவ பாத்ததில்ல. ஆனா எந்தப் பக்கம் திரும்புவான்னு எனக்குத் தெரியும்."

சுப்புலட்சுமி கை ஓங்கியபடியே நின்றாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள். கம்பெனியில் ஒரு ரூமுக்கு நாலு பேர்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். அவள், ஜெயக்கொடி, மாரித்தாய், பஞ்சவர்ணம். பதினோரு வருடமாக அதே நாலு பேர். யார் எப்போது மருந்துத் தட்டை நகர்த்துவாள், யாருக்கு எந்த நேரத்தில் கண் சொருகும் என்பது மற்ற மூன்று பேருக்கும் தெரியும். தெரிந்தே ஆக வேண்டும். ஜெயக்கொடியின் வீட்டுக்காரர் பெயர்கூட அவளுக்கு ரொம்ப நாள் தெரியாது. ஆனால் ஜெயக்கொடி பெருமூச்சு விட்டால் இவள் கை நின்றுவிடும்.

"ஒரு ரூம்பா இருந்திருக்கீக" என்றாள்.

மாரிசெல்வி அம்மாவைப் பார்த்தாள். இப்போதுதான் அழுதாள்.

சுப்புலட்சுமி அறைந்த கன்னத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "அடக்கத்துக்குப் போனியா?"

"இல்ல."

"அந்தப் பயலுக கூப்பிடலையா?"

"இல்ல."

"ஒரு ரூம்புல இருந்தவனுக்குத் துக்கம் கேக்காம இருந்தா நல்லாவா இருக்கும்? நாளைக்குக் காலைல குளிச்சிட்டுக் கிளம்பு. நானும் வாரேன்."

"அப்பா?"

"அந்த ஆளுட்ட நான் பேசிக்கிடுதேன். இப்பச் சாப்பிடு."

ரசம் ஊற்றிப் பிசைந்து கொடுத்தாள். மூன்று கவளம் இறங்கியது.

பிராங்க்ளின் வீடு திருத்தங்கல் போகும் ரோட்டில் இருந்தது. வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. கதவோரம் காளீஸ்வரன் நின்றிருந்தான். தினமும் வந்து நிற்கிறான் போலிருந்தது. மாரிசெல்வியைப் பார்த்ததும் நகர்ந்து வழி விட்டான்.

உள்ளே பாயில் பெர்சிஸ் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கோயில் பெண்கள் நாலைந்து பேர். அவர்கள் முறை தெரியாமல் சுப்புலட்சுமி ஒரு நிமிடம் தடுமாறிவிட்டு, பெர்சிஸின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நாங்க முஸ்லிம் ஓடைத் தெருப் பக்கம் இருக்கோம், சிஸ்டர். இது எம் மக. அய்யாதுரை அண்ணாச்சி கடைல டைப் அடிக்கா. போஸ்டர் இவதான் பண்ணுனா."

"நல்லா இருந்துச்சும்மா" என்றாள் பெர்சிஸ். "புருவத்துத் தழும்ப எல்லாரும் அழிச்சிருவாக. நீ விட்டு வச்சிருந்த. மூணு வயசுல கட்டில்ல இடிச்சது அது."

பெர்சிஸ் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் போஸ்டர்ல இருக்குற பயலுக எல்லாரும் வந்துட்டாக" என்றாள் பெர்சிஸ். "குருவின்னு ஒருத்தன் இருக்கான் பாருங்க, அவன் மட்டும் வரல. இவன் வாய்ல எப்பவும் அவன் பேச்சுதான். குருவி இப்படி அடிச்சான், குருவி அப்படித் தப்பிச்சான்னு. சோறு போட்டா சோத்தப் பாக்காம அதையே சொல்லுவான். அடக்கத்துக்காவது வருவான்னு பாத்தேன். என்ன பிள்ளையோ."

"அவன் வெளியூரு, ஆன்ட்டி" என்றான் கதவோரத்திலிருந்து காளீஸ்வரன்.

மாரிசெல்வி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் குனிந்துகொண்டான்.

"நான்தான் ஆன்ட்டி" என்றாள்.

"என்னம்மா?"

"குருவி. நான்தான்."

பெர்சிஸ் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "அவன்னுல்ல சொன்னான்."

"நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். பொண்ணுன்னு யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு."

பெர்சிஸின் கை சுப்புலட்சுமியின் கையிலிருந்து விலகியது. "எங்கிட்ட எதையும் மறைக்க மாட்டான் எம் பிள்ளை" என்றாள். "எம்புட்டு நாளா இது?"

கோயில் பெண்களில் ஒருத்தி மற்றவள் பக்கம் சாய்ந்தாள். சுப்புலட்சுமிக்கு அந்தக் கேள்வி தெரியும். முந்தின நாள் அவள் வாயிலிருந்து வந்த அதே சொற்கள்.

"சிஸ்டர், நீங்க நினைக்குற மாதிரி இல்ல. நானும் அப்படித்தான் நினைச்சேன். நினைச்சு அடிச்சுப்புட்டேன்." அவள் குரல் கூட்டத்தில் பேசிப் பழகாத குரல். இடையில் அறுந்தது. "எனக்கு அந்த விளையாட்டெல்லாம் விளங்கல. ஆனா இதுக நாலும் ஒரு ரூம்பு, சிஸ்டர். நாங்க கம்பெனில இருக்கோமே, அந்த மாதிரி. அம்புட்டுத்தான். வேற ஒன்னுமில்ல."

பெர்சிஸ் பத்தொன்பது வருடமாக ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். தீக்காய வார்டில் எத்தனையோ ராத்திரி நின்றிருக்கிறாள். வெடி விபத்தில் தூக்கி வரப்பட்ட பெண்கள் கண் திறந்ததும் புருஷனையோ பிள்ளையையோ கேட்பதில்லை. எங்க ரூம்புக்காரிக எங்க என்றுதான் கேட்பார்கள். பதில் தெரிந்தும் பக்கத்துக் கட்டிலில் இருக்காங்க என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

அவள் மாரிசெல்வியைக் கிட்டே வரச் சொன்னாள். "அங்கன எப்படி இருப்பான் அவன்? விளையாடுறப்ப?"

"முன்னால போவான், ஆன்ட்டி. கதவு எதுவா இருந்தாலும் அவன்தான் மொதல்ல நுழைவான். உள்ள யாரு இருக்கான்னு தெரியாமலே நுழைஞ்சிருவான். பொறு, பொறுன்னு டைப் அடிக்குறதுக்குள்ள போயிருப்பான்."

"அன்னைக்கும் அவன்தான் மொதல்ல குதிச்சானாம்."

"ஆமா ஆன்ட்டி" என்றான் காளீஸ்வரன். அவன் அழுவது அப்போதுதான் தெரிந்தது. "ஆழத்தப் பாத்துட்டு வாரேன், அதுக்குப் பொறவு நீங்க எறங்குங்கலேன்னு சொன்னான்."

பெர்சிஸ் மாரிசெல்வியின் விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாகத் தடவினாள். "நீ அன்னைக்குப் போகலையாம்மா?"

"கூப்பிடல ஆன்ட்டி."

காளீஸ்வரன் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

"உனக்கு நீச்சல் தெரியுமா?"

மாரிசெல்வியின் வாய் திறந்தது. அதற்குள் சுப்புலட்சுமி சொல்லிவிட்டாள்.

"தெரியாது, சிஸ்டர். தண்ணின்னாலே இவளுக்குப் பயம்."

பெர்சிஸ் மெல்லத் தலையசைத்தாள். இறுகியிருந்த தோள்கள் கொஞ்சம் இறங்கின. "நல்லவேளை கூப்பிடல. உன்னையும் சேத்துல்ல பறிகொடுத்திருக்கணும்" என்றாள்.

கடுங்காப்பி வந்தது. குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். வாசலில் மாரிசெல்வி செருப்பு மாட்டும்போது காளீஸ்வரன் ஏதோ சொல்ல வந்தான். "சிஸ்டர்" என்று தொடங்கினான். நிறுத்தினான். வேறு சொல் கிடைக்காமல் அப்படியே நின்றான். அவள் சற்றுக் காத்திருந்துவிட்டு நடந்தாள்.

பஸ்ஸுக்கு நிற்கவில்லை. ரோட்டோரமாகவே நடந்தார்கள். காரியாபட்டிப் பக்கம் சுப்புலட்சுமியின் அண்ணன் தோட்டத்தில் ஒரு கமலைக் கிணறு உண்டு. எட்டு வயதில் மாரிசெல்வியின் இடுப்பில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி அதில் இறக்கிவிட்டவள் சுப்புலட்சுமிதான். மூன்றாம் நாள் குடுக்கையை அவிழ்த்துவிட்டாள். பத்து வயதில் அந்தப் பெண் அடிவரை போய் மண் அள்ளி வந்து காட்டினாள். கிணற்றில் விழுந்த செம்பு, வாளி எல்லாவற்றையும் மாமா வீட்டில் அவளைத்தான் எடுக்கச் சொல்வார்கள். ஒருமுறை முங்கிப்போன ஆட்டுக்குட்டியைக் காதைப் பிடித்து மேலே கொண்டுவந்தாள். பதின்மூன்றில் பெரிய மனுஷி ஆனதும், இனிமேல் கிணற்றுப் பக்கம் போகக் கூடாது என்று நிறுத்தியவளும் சுப்புலட்சுமிதான்.

ரயில்வே கேட் அடைத்திருந்தது. நின்றார்கள். சரக்கு ரயில் ஒவ்வொரு பெட்டியாகப் போய்க்கொண்டிருந்தது.

"கூப்பிட்டிருந்தா எடுத்திருப்பேன்மா" என்றாள் மாரிசெல்வி.

"எனக்குத் தெரியும்."

ரயில் போய் முடிந்தது. கேட் திறந்தது. சைக்கிள்களும் லோடு வண்டிகளும் இவர்களைத் தாண்டிப் போயின. இருவரும் நகரவில்லை.

"கூப்பிட்டிருந்தா நீ விட்டிருப்பியா?"

பின்னால் வந்த லோடுமேன் ஒருவன் வழி விடச் சொல்லிச் சத்தம் போட்டான். சுப்புலட்சுமி மகளின் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தாள். பிடித்த கையை விடவில்லை.

"விட்டிருக்க மாட்டேன், தாயி" என்றாள்.